கச்சான் வீசும் மாதங்களில் மலைநாட்டு மழையைப் பார்த்திருந்த கதைகள்

தம்பலகாமத்திலிருந்து:

நாங்கள் இலங்கையின் கிழக்கே, திருகோணமலைப் பக்கத்து வயற்காரர். 2017 மே மாதக் கடைசி. இரவுச் செய்தியில் களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் கூரை வரை வெள்ளம் என்று காட்டினார்கள். இருநூறு பேருக்கு மேல் செத்துப்போன வெள்ளம் அது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அவ்வளவு தண்ணியும் எங்க போகுது?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை நாங்கள் இருவரும் வாய்க்கால் கட்டில் நடந்தோம். அடியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதற்கு முந்தைய மாரியும் எங்களை ஏமாற்றியிருந்தது. அந்தச் சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிய கோடை விதைப்புக்கு, காணியில் பாதிகூட விதைக்கவில்லை.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த மழை களு கங்கைக்கும் களனி கங்கைக்கும் போய் மேற்குக் கடலில் விழுந்தது. நாங்கள் பார்த்திருப்பது மகாவலி பிறக்கும் மலைகளில் பெய்கிற மழையை. பொல்கொல்லையில் திருப்பும் தண்ணீர் சுரங்கம் வழியாக அம்பன் கங்கைக்கு வந்து, எலகெரவிலிருந்து மின்னேரியா, கவுடுல்ல என்று குளம் குளமாக இறங்கிக் கந்தளாய்க்கு வருகிறது. அங்கிருந்துதான் எங்கள் வயலுக்கு. மலையின் ஒரு பக்கம் மூழ்கிப்போனாலும் எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கலாம் என்பதை அந்த வருடம் நேரில் பார்த்தேன்.

ஆனி, ஆடியில் இங்கே வானத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லா வருடமும் அதே வெயில், மலையைத் தாண்டி வரும் அதே காய்ந்த கச்சான் காற்று. அதனால் அப்பா சந்திக்குப் போய், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரர்களிடம் கேட்பார்: "மலையில மழையா தம்பி?" படங்கு நனைந்திருந்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு. முப்பது வருடமாக அவருக்கு அதுதான் வானிலை அறிக்கை.

உங்கள் பக்கத்தில் நல்ல வருடம், கெட்ட வருடம் என்று எதை வைத்து அறிந்தீர்கள்? நினைவில் இருப்பதை எழுதுங்கள்.

மூதூரிலிருந்து:

எங்களுக்கு அளவுகோல் வெருகல். ஆவணித் திருவிழாவுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் வெருகல் கங்கை மகாவலியின் ஒரு கிளைதானே. ஒரு வருடம் தீர்த்தத்துக்கு இறங்கினால் இடுப்புக்கு மேல் நீர், அம்மா என் கையை விடவே மாட்டார். இன்னொரு வருடம் போனால் நடுவில் மணல் திட்டு, பிள்ளைகள் அதில் ஓடி விளையாடுகிறார்கள். அதே மாதம், அதே கோயில், அதே படித்துறை. பெரியம்மா திரும்பி வரும்போதே சொல்லிவிடுவார்: "இந்த முறை அல்லைப் பக்கம் கஷ்டம்தான்." அல்லைக் குளத்துக்கும் வெருகல் தண்ணீர்தான் போகிறது. பெரியம்மா சொன்னது பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

மேலே விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் வந்த பிறகு ஆற்றின் மட்டம் மழையை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு திறந்து விட்டார்கள் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் திறப்பதற்கு மேலே இருக்க வேண்டுமே.

உப்புவெளியிலிருந்து:

மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் படகோடு இங்கே வருவார்கள். அவர்கள் கடல் மூர்க்கமாக இருக்கும்போது எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மலைக்கு மேற்கே பெய்கிற பருவமழைதான் எங்களுக்கு மீனும் சுற்றுலாக்காரரும் வரும் காலம். அதனால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், வயற்காரர் மழைக்கு ஏங்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் காசு இருக்கும்.

நகரத்திலிருந்து, பூகோளம் படிப்பிக்கும் ஒருவர்:

தம்பலகாமத்து அண்ணை எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிப் பெய்வதில்லை? அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலைநாட்டில் மோதி மேலே ஏறுகிறது, வட்டவளை போன்ற இடங்களில் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் போய்ச் சூடும் ஏறிவிடுகிறது. அதுதான் கச்சான். இந்த அமைப்பு வருடத்துக்கு வருடம் மாறாது. மாறுவது அந்தக் காற்றின் பலமும் அது சுமந்து வரும் ஈரமும். அதை மாற்றுகிற பெரிய கை பசிபிக் கடலில் இருக்கிறது. பெருவுக்கு அப்பால் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் மேகம் திரளும் இடம் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் காற்று மேலே எழுவது தளர்ந்து பருவமழை மெலிகிறது.

இந்தியாவின் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் பெய்கிறது. வருடத்துக்கு வருடம் அது ஏறி இறங்குவது பொதுவாகப் பத்து வீதம் அளவில். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும், ஆனால் அந்தப் பத்து வீதக் குறைவுதான் அங்கே வறட்சி. 2002 ஜூலையில் வழக்கமான மழையில் பாதிதான் பெய்தது. 2009 பருவம் முழுவதுமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் 1997 இல் மிகப் பலமான எல் நினோ இருந்தும் இந்தியாவில் மழை வழக்கம்போலவே பெய்தது. 1999 இல் ஆய்வாளர்கள் இந்து சமுத்திரத்துக்கே உரிய ஓர் ஊசலாட்டத்தை விவரித்தார்கள். ஆபிரிக்கப் பக்கத்துக் கடல் சூடாகவும் சுமாத்திராப் பக்கம் குளிராகவும் இருக்கும் நிலை அது. 1997 இல் எல் நினோவின் கையைத் தடுத்ததில் இதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். பசிபிக்கை மட்டும் பார்த்து எங்கள் மழையைச் சொல்லிவிட முடியாது என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்.

எங்களுக்கு முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. மலைநாட்டின் ஜூலை, ஆகஸ்ட் மழையைக் குறைக்கும் அதே எல் நினோ, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கத்தில் மழையைக் கூட்டும் போக்கு உடையது. 2023 இல் எல் நினோ இருந்தது. அந்தச் சிறுபோகத்தில் நாட்டின் சில பகுதிகளில் வயலுக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அடுத்து 2024 தை மாதம் கிழக்கில் வெள்ளம். ஆடியில் குளம் குறைந்தால் மாரியும் பொய்க்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. எல்லா முறையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், 2016 மாரி பொய்த்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்தானே. அது எல் நினோ முடிந்த பிறகு வந்த மாரி.

கிண்ணியாவிலிருந்து:

டீச்சர் எழுதியது நல்லாக விளங்கியது. எங்கள் வாப்பா காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீர் காணாது என்று தெரிந்தால் சிறுபோகக் கூட்டத்திலேயே பேசி, மதகுக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைப்பார்கள். சிங்களத்தில் பெத்ம என்பார்கள். தூரத்தில் காணி உள்ளவனுக்கும் ஒரு துண்டு கிடைக்கும். ஒரு வருடம் வாப்பாவின் வயலில் வேறு மூன்று பேர் விதைத்தார்கள். கோபம் இல்லை, அடுத்த முறை அவர் போய் நிற்கலாம். இப்போது எங்கள் பக்கத்தில் அதற்கு ஒத்துக்கொள்ள ஆள் குறைவு. ஒரு கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது.

வயல் மட்டும் இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான் சுத்திகரித்துக் குழாயில் எங்கள் வீட்டுக்கும் திருகோணமலை நகரத்துக்கும் வருகிறது. வயல் இல்லாதவரும் இந்தப் பேச்சில் சேர வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து:

நானா, உங்கள் வாப்பா செய்ததை எங்கள் வட்டையிலும் அப்பா பார்த்திருக்கிறார். வரப்புக்கு வரப்பு கொடி நட்டுப் பிரித்தார்களாம். எந்த வருடம் என்று கேட்டால் ஆண்டு சொல்லத் தெரியவில்லை, "அக்கா கலியாணம் முடிஞ்ச சிறுபோகம்" என்கிறார்.

டீச்சர், மாரியைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பசிபிக் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். கிழக்கே, எங்கள் கடலையும் தாண்டி என்றேன். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார். மரக்கறி லொறி வருகிற நேரம் அது.