பர்ப்யூரா சிறுநீரக அழற்சி: குறையாத புரத இழப்பு

என் தங்கையின் மகனுக்கு 9 வயது. கால்களில் ஊதாப் புள்ளிகள், மூட்டுவலி, வயிற்றுவலி எனத் தொடங்கிய ஹெனோக்-ஷோன்லைன் பர்ப்யூராவில் (சிறு இரத்த நாளங்களில் ஏற்படும் அழற்சி நோய்), தோல் தடிப்புகள் மறைந்த பிறகும் சுமார் நான்கு மாதங்களாகச் சிறுநீரில் புரதமும் இரத்த அணுக்களும் தொடர்கின்றன. ஸ்டீராய்டும் எனாலாப்ரிலும் (இரத்த அழுத்தத்தையும் புரத இழப்பையும் குறைக்கும் மருந்து) கொடுத்தும் புரதம் சற்றே குறைந்து அப்படியே நின்றுவிட்டது. இரத்த அழுத்தமும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் இதுவரை இயல்பாகவே உள்ளன. சிறுநீரகத் திசுப் பரிசோதனையான பயாப்சியில் ஐஜிஏ (ஒருவகை எதிர்ப்புப் புரதம்) படிவும், பாதிக்கும் குறைவான குளோமருலஸ்களில் (சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகள்) பிறை வடிவ மாற்றமும் தெரிந்தன.

பிறைகளின் விகிதம், நீடிக்கும் புரத இழப்பு, உயர் இரத்த அழுத்தம், தொடக்கத்திலேயே குறைந்திருக்கும் சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை நோயின் போக்கை மோசமாக்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். இரத்த அணுக்கள் மட்டும் தெரிந்திருந்தால் இவ்வளவு கவலை தேவையில்லையாம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான மைக்கோஃபெனோலேட்டைச் சேர்ப்பதைப் பற்றி அவர் யோசித்து வருகிறார்.

இதே பயாப்சி நிலையில் அம்மருந்தைத் தொடங்கிய குழந்தைகளுக்குப் புரத இழப்பு எவ்வளவு காலத்தில் குறைந்தது?