சப்வூஃபரில் ஓயாத இரைச்சல்: கேபிள் டிவி இணைப்புதான் காரணமா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியுடன் ஆம்ப்ளிஃபயர் வழியாக இணைத்துள்ள சப்வூஃபரில் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கரில்), ஒலியளவை முழுவதுமாகக் குறைத்து வைத்தாலும், தாழ்ந்த இரைச்சல் ஒன்று விடாமல் கேட்கிறது. இரவில் வீடு அடங்கிய பிறகு, பக்கத்து அலமாரியின் கண்ணாடி அதனோடு சேர்ந்து அதிர்வதைக் கையால் தொட்டே உணர முடிகிறது. செட்டாப் பாக்ஸின் பின்புறம் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிடுவதால், கேபிளின் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஆடியோ ஒயர் வழியே சுற்றிவருகிறது என்றே கருதுகிறேன்.

பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடும்படி ஒருவர் சொன்னார். உயிருக்கே ஆபத்தான அந்த வழியை எவரும் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒலியை ஒளியாக அனுப்பி இந்த மின்தொடர்பைத் தவிர்க்கும் ஆப்டிகல் இணைப்பு வசதி ஆம்ப்ளிஃபயரில் இல்லை.

கேபிள் ஒயரிலேயே ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கருவி) பொருத்தினால் செட்டாப் பாக்ஸுக்கு வரும் சிக்னல் பலவீனமாகுமா? ஆடியோ ஒயரில் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் வகை ஐசோலேட்டரைப் பொருத்தினால் மிகத் தாழ்ந்த ஒலிகள் மங்கிவிடும் என்பதால் அதற்கு மனம் ஒப்பவில்லை. கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகள் சப்வூஃபருக்குச் செல்ல வேண்டும் என்ற அமைப்பை) 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன்; அதற்கும் இந்த இரைச்சலுக்கும் தொடர்பில்லை என்பது என் கணிப்பு. இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள், எந்த இடத்தில் எதைப் பொருத்தினீர்கள் என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.