மனுஷரைக் கர்த்தர் கையில் விடுவது: உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டை, பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாட்சி நேரத்தில் நம் சபைகளில் அதிகம் கேட்பது வேலை, வீசா, வீட்டுக் கடன், பிள்ளையின் மார்க். எல்லாம் கர்த்தர் செய்த நன்மைகள்தான், நானும் சொல்லியிருக்கிறேன். போன வாரம் எங்கள் வேதபாடத்தில் சங்கீதம் 37:5 எடுத்தோம். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்." பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா கேட்டார்கள்: "வழிய ஒப்புவிச்சிரலாம். வீட்டுல இருக்க ஆள எப்படி ஒப்புவிக்க?" அதற்கப்புறம் பாடம் நடக்கவே இல்லை, எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

பணத்தையும் சுகத்தையும் ஆண்டவர் கையில் விடுவதைவிட, நாம் நேசிக்கிற ஒரு ஆளை விடுவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம். அந்த ஆளுக்கும் சொந்தச் சித்தம் உண்டு, தேவனே அதை வற்புறுத்துவதில்லை. லூக்கா 15-ல், கெட்ட குமாரன் உவமையில், வீட்டை விட்டுப் போக நினைத்த இளைய மகனைத் தகப்பன் தடுக்கவில்லை, ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுத்தார். தம்பி திரும்பி வந்தபோது கோபத்தில் வெளியே நின்ற மூத்தவனையும் வருந்திக் கூப்பிட்டார், இழுத்துக்கொண்டு போகவில்லை. மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லாமலே கதையை முடிக்கிறார். அந்த முடிவு என்னை ரொம்பவும் யோசிக்க வைக்கிறது.

நல்லபடியாக முடிந்தவற்றை மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. ஒரு ஆளைச் சந்தித்தது, ஒரு வார்த்தை கேட்டது, எதுவானாலும் எழுதுங்கள். ஊர் போதும், பெயர் வேண்டாம்.

நாகர்கோவில் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். இரண்டாம் ஓலை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். பேசிய பவுன் போதாது, காரும் வேண்டும் என்றார். பையன் போனை எடுக்கவில்லை.

கடன் எங்கே கிடைக்கும் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். "அப்பா, மூணாம் ஓலை வேண்டாம். போதகர்ட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. எனக்கு மாப்பிள்ளை தாறதும் தராததும் ஆண்டவர் இஷ்டம். கடன வாங்கி நாம அவருக்கு ஒத்தாசை பண்ணாண்டாம்."

பிள்ளை தருவேன் என்ற வாக்குத்தத்தம் தாமதிக்கிறது என்று, ஆபிரகாமின் மனைவி சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்து தேவனுக்கு ஒத்தாசை செய்யப் பார்த்ததை ஞாயிறு பள்ளியில் நான் பாடமாக எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதே பாடத்தை மகள் எனக்கு எடுத்தாள்.

போதகர் மறுபேச்சு இல்லாமல் ஓலையை நிறுத்தினார். துக்கம் விசாரிப்பது போல் வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவளுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லும் உறவுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவள் வாழ்க்கை ஏதோ பாதியில் நிற்பதாக நினைத்து ஜெபிக்காதீர்கள்.

தூத்தூர் பக்கம், கடற்கரை கிராமம்:

நான் கத்தோலிக்கப் பெண். மேலே எழுதியிருக்கும் ஐயாவின் மகளுக்கு என் வணக்கம்.

எங்க ஊர் ஆம்பிளைங்க கரையோரம் மீன்பிடிக்கிறவங்க இல்ல. கொச்சி தோப்பும்படியில இருந்து விசைப்படகுல கிளம்பி, லட்சத்தீவு தாண்டியும் போய், தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பாங்க. போனா வாரக்கணக்குல கடல்தான். 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க படகுகள் ஏற்கனவே ஆழ்கடல்ல கிடந்துச்சு. கரையில சொன்ன எச்சரிக்கை அங்க இருக்கிறவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி, பூத்துறைன்னு ஒவ்வொரு ஊரிலயும் வராதவங்க பேரை எழுதினாங்க. தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்துல போய் உட்கார்ந்து போராடினோம்.

என் நாத்தனாரோட வீட்டுக்காரர் வரல. உடலும் கிடைக்கல.

அந்த டிசம்பர் முழுக்க ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாரும் "ஆண்டவர் சித்தம்"னு சொல்லிட்டுப் போனாங்க. அவளுக்கு அந்த வார்த்தை கேட்டாலே உடம்பு நடுங்கும். பங்கு ஃபாதர் வந்தப்போ திண்ணையில, எங்களோட தரையில உட்கார்ந்தார். விளக்கம் ஒண்ணும் சொல்லல. அவதான் கேட்டா: "ஃபாதர், நான் என்னன்னு செபிக்கணும்? உயிரோட வரணும்னா, ஆன்மா இளைப்பாறணும்னா?" உடல் கிடைக்காத வீட்டுல இருந்தவங்களுக்குத்தான் இந்தக் கேள்வியோட பாரம் தெரியும். வரணும்னு செபிச்சா நடக்காததைக் கேக்கிற பயம். இளைப்பாறணும்னு செபிச்சா, நாமே அவரைக் கைவிட்டுட்ட மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. ஃபாதர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ரெண்டையும் செபிம்மா. எது வேணுமோ அத அவர் எடுத்துக்கட்டும்"னார். நாங்க செபமாலையை எடுத்தோம். அதுக்கப்புறம்தான் அவ ராத்திரி தூங்க ஆரம்பிச்சா.

இதோட முடியல. அப்போ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த அவ மகன், வளர்ந்ததும் கடலுக்குப் போகணும்னான். நாங்க எல்லாரும் வேண்டாம்னு அழுதோம். அவ தடுக்கல. "எப்படி நம்பி விடுறே?"ன்னு கேட்டேன். "கடல நம்பி விடல மைனி. அவனையும் கடலையும் உண்டாக்குனவர் ஒருத்தர்தானே, அவர நம்பி விடுறேன்"னா. சொன்னவ சும்மா இருக்கல. படகு உரிமையாளர் வீட்டுக்குப் போய், உயிர்காப்பு உடுப்பு ஆளுக்கொண்ணு இருக்கான்னு பார்த்தா. ஆழ்கடல்லயும் எச்சரிக்கை வந்து சேர ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோ உருவாக்கின நாவிக் கருவி படகுல இருக்கா, வேலை செய்யுதான்னு போட்டுக் காட்டச் சொன்னா. அதுக்குப் பிறகுதான் மகன் நெத்தியில சிலுவை வரைஞ்சா.

மதுரை, முழுநேர ஊழியர்:

தூத்தூர் சகோதரி எழுதியதை வாசித்ததும் நெகேமியா 4:9 நினைவுக்கு வந்தது. எருசலேம் அலங்கத்தை (மதிலை) கட்டுகிறவர்களைச் சத்துருக்கள் மிரட்டினபோது, அவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இராவும் பகலும் காவலாளிகளையும் நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. காவல் வைத்ததால் அவர்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நெகேமியா எழுதவில்லை. மருந்து சாப்பிடுவதையும் கணக்குப் பார்ப்பதையும் அவிசுவாசம் என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போகிறார்கள்.

சென்னை, அயனாவரம்:

என் கணவர் குடிக்கிறவர். வேலையில கெட்டிக்காரர், பிள்ளைங்க மேல உயிர். சாயங்காலம் டாஸ்மாக் போயிட்டா வேற ஆள்.

ஒரு உபவாசக் கூட்டத்துல, மனைவி சரியாக் கீழ்ப்படிஞ்சா புருஷன் தானா மாறுவான்னு சொன்னாங்க. அந்த வார்த்தையைச் சுமந்துக்கிட்டு எத்தனை பெண்கள் நம்ம சபைகள்ல நடமாடுறாங்கன்னு எனக்குத் தெரியும். அவர் குடிக்கிறதுக்கு நான்தான் காரணம்னு அர்த்தமாகுதே! இது தேவன் சொன்னதில்ல.

அவரைக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்த்தப்போ, அங்கிருந்த ஆலோசகர் என்னை அல்-அனான் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். குடிக்கிறவங்க குடியை விட ஏ.ஏ.ன்னு ஒரு கூட்டம் இருக்கிற மாதிரி, அவங்க குடும்பத்துக்காக 1951-ல அமெரிக்காவுல தொடங்கினது இது. பேர், ஊர் சொல்ல வேண்டாம், கட்டணம் இல்ல. அங்க ஒரு வயசான அம்மா, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு. என் கதையை முழுசாக் கேட்டுட்டு, "இதுக்கு நீ காரணமில்ல. உன்னால அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. உன் சாமிகிட்ட குடுத்துட்டு நீ மொதல்ல சாப்பிடு"ன்னாங்க. அந்த மூணும் அல்-அனான்ல எல்லாரும் சொல்றதுதான். ஆனா கர்த்தர் எனக்குச் சொல்ல நினைச்சதை அந்த அம்மா வாயால சொன்னார்னு நான் முழுசா நம்புறேன்.

அதுக்கப்புறம் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொட்டுறதை நிறுத்தினேன். ஆபீசுக்கு போன் போட்டு "காய்ச்சல்"னு சொல்றதை நிறுத்தினேன். பள்ளிக் கட்டணம் தனிக் கணக்குல போகுது. அவரை மாத்துற வேலை என்னோடது இல்லைன்னு ஆனதும் அவர்மேல எனக்கிருந்த அன்பு திரும்ப வந்துச்சு, இதை நான் எதிர்பார்க்கல. நடுவுல சில மாசம் குடிக்காம இருந்தார், மறுபடி குடிச்சார், மறுபடி சிகிச்சைக்கு அவரே போனார். இப்போ அந்த நிலைமையிலதான் இருக்கோம்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். அடி விழுற வீட்டுல "தேவன் கையில விட்டேன்"னு பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். 181-க்கு போன் பண்ணுங்க. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-லயே சட்டம் வந்திருக்கு. வெளியே வர்றதும் விசுவாசம்தான்.

கோயம்புத்தூர், பெந்தெகொஸ்தே சபை விசுவாசி:

பிரைஸ் த லார்ட். நானும் அண்ணனும் தோட்டத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். ஆதியாகமம் 13-ல் ஆபிரகாம், "நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன்" என்று தன் சகோதரன் மகன் லோத்துவிடம் சொன்னதை ஞாபகம் வைத்து, "அண்ணா, மொதல்ல நீங்க எடுங்க" என்றேன். கிணறு உள்ள பக்கத்தை எடுத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது மானாவாரி. இன்றைக்கும் இரண்டு குடும்பமும் கிறிஸ்துமஸ் அன்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு அது போதும்.

திருச்சி, வழக்கறிஞர் (மேலே உள்ளதற்கு):

சகோதரரின் மனசு பெரியது. ஆனால் இந்த ஆபிரகாம் பாடம் தங்கச்சிமாருக்கு மட்டும் சொல்லப்படுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். "கர்த்தர் உனக்குத் தருவார், நீ விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடு" என்பார்கள். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மனசோடு விட்டுக்கொடுத்தால்தான் அது ஆபிரகாம் செய்தது. அண்ணன்மார் ஆபிரகாமாக இருக்கட்டும், முதலில் தங்கச்சி எடுக்கட்டும்.

களக்காடு:

என் மாமியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. எங்களுக்குள்ளே பெரிய ஒட்டுதல் கிடையாது. நான் குளிப்பாட்ட வேண்டியிருக்கு, அவங்களுக்கு அதை ஏத்துக்க வேண்டியிருக்கு. ரெண்டு பேருக்கும் கஷ்டம்தான்.

பக்கத்து டோனாவூருக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து போயிருக்கேன். அங்க, தேவதாசியாக் கோயிலுக்கு விடப்பட்ட பெண் பிள்ளைகளைக் காப்பாத்தி வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ல விழுந்து அடிபட்டதிலிருந்து 1951-ல இறக்குற வரைக்கும் பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தாங்க. அத்தனை பேருக்கும் பணிவிடை செஞ்சவங்க, அத்தனை வருஷம் பிறர் செய்யுற பணிவிடையை ஏத்துக்கிட்டு இருந்தாங்க. கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னுட்டாங்க, அங்க பறவைங்களுக்குத் தண்ணித் தொட்டிதான் இருக்கு. இதை மாமியார்கிட்ட சொன்னேன். "அவங்களுக்கும் வாங்கிக்கிடப் படிக்க வேண்டியிருந்துச்சோ?"ன்னாங்க. மறுநாள் தலை வாரிவிடச் சொல்லி அவங்களே சீப்பை நீட்டினாங்க.

பெங்களூரு, ஐடி வேலை:

இந்த உரையாடலை எனக்கு அனுப்பினது எங்க அம்மா. நான் சபைக்குப் போறதை நிறுத்திக் கொஞ்ச காலமாச்சு, காரணத்தை இங்க எழுதல. நீங்க எல்லாரும் ஒரு ஆளை ஒப்புவிச்சதைப் பத்தி எழுதுறீங்க. நான் ஒப்புவிக்கப்பட்ட ஆள், அந்தப் பக்கத்துல இருந்து எழுதுறேன்.

முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை அம்மா போன் வந்தா முதல் கேள்வி கோயிலுக்குப் போனியான்னுதான் இருக்கும். ஒரு ஞாயிறு அதைக் கேக்கல. என் டீம்ல யார் யார் இருக்காங்க, மேனேஜர் எப்படி, புது ரூம்ல வெயில் வருதான்னு ரொம்ப நேரம் கேட்டாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. "என்னம்மா, என்மேல கோபமா?"ன்னேன். "இல்லடா. உன்னப் பத்தி அவர்கிட்ட பேசிக்கறேன். உன்கிட்ட உன்னக் கேட்டுக்கறேன்"னாங்க.

அன்னையிலருந்து நான்தான் அவங்களுக்கு அடிக்கடி போன் பண்றேன். எனக்கு இருக்கிற சந்தேகங்களையும் சொல்றேன், பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றாங்க. விசுவாசத்துக்குத் திரும்பி வந்துட்டேன்னு எழுதினா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், ஆனா அது உண்மை இல்ல.

அம்மாவுக்கு அடுத்த வாரம் கண்புரை அறுவை சிகிச்சை. சர்க்கரை இருக்கிறதால கொஞ்சம் பயப்படுறாங்க. ஜெபிக்கிறவங்க அவங்களுக்காக ஜெபிங்க. நான் லீவு போட்டிருக்கேன், சொட்டு மருந்து விடுறதுக்கு நான் கூட இருப்பேன்.