போனை ஓரமாக வைத்தாலும் மனசு பேச்சில் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

தறி கேட்டது:

வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தலை மட்டும் ஆடுகிறது, மனம் பாதி அலுவலகத்தில், மீதி ‘அடுத்து என்ன பதில் சொல்லலாம்’ என்பதில். "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டால் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. போன் சைலண்ட்டில், கவிழ்த்துத்தான் இருக்கிறது. கண்ணைப் பார்த்தே பேசுகிறேன். "கவனமாக இருங்கள்" என்பதைத் தாண்டி, எதை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல்:

நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல் கலந்திருக்கிறது. அலுவலகம் கூடவே வருவது ஒன்று, பதிலைத் தயார் செய்வது இன்னொன்று. முதலாவதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்தால் கவனத்தின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். வேலையை முடித்தால்தான் விடுதலை என்றில்லை. எப்போது, எங்கிருந்து தொடரப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்குகிறது என்று 2011-இல் உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டினார்கள்.

அதனால் வேலையை மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். விட்ட இடம், அடுத்த முதல் அடி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். "அறிக்கை பாக்கி" என்று எழுதினால் பயனில்லை, மனம் அதை மறுபடி மறுபடி கிளறும். "நாளை 9.30: அறிக்கை 3-ஆம் பக்க அட்டவணையில் விடுபட்ட இரண்டு எண்களை நிரப்பணும்" என்று எழுதினால் அடங்கும். காகிதத்தில் எழுதுவது நல்லது. போனில் எழுதப் போனால் புது மெசேஜ் கண்ணில் பட்டு, இன்னொரு பாதி வேலை சேர்ந்துவிடும்.

போனைக் கவிழ்த்து வைப்பது போதாது, அடுத்த அறையில் வையுங்கள். கை எட்டும் தூரத்தில் இருந்தால், பேச்சில் சின்ன இடைவெளி விழுந்தவுடன் கை தானாகப் போகும். அடுத்தவர் சொல்லத் தயங்கும் விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

வடகிழக்கு:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வின்படி, சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவில்தான் இருக்கிறது. ஒரே ஒரு சொல்லைச் சொல்லத் தயாராவதற்கே மூளைக்குக் கிட்டத்தட்ட 600 மில்லிசெகண்ட் வேண்டும். ஆக, எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே பதில் உருவாவது எல்லோருக்கும் இயல்பு. அவருடைய இரண்டாவது வாக்கியத்திலேயே அது தொடங்கிவிட்டால்தான் மீதி காதில் விழாது.

இதற்கு நான் சொல்லும் வழி: அவர் முடித்ததும் ஒரு மூச்சு விடுங்கள், பிறகு அவர் சொன்ன சொல் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். "மேனேஜர் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டார்" என்று ஒருவர் சொன்னால், கையில் தயாராக இருக்கும் பதில் "விடு, அவர் அப்படித்தான்." பேச்சு அங்கேயே செத்துவிடும். "எல்லார் முன்னாடியுமா? அப்ப நீ என்ன பண்ணின?" என்று கேட்டால், வலி இருக்கும் இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்க வேண்டுமானால் அவருடைய சொற்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அந்தத் தேவையே கவனத்தை இழுத்து வைக்கும். ஆனால் முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லாதீர்கள், எரிச்சலூட்டும்.

கவனம் போய்விட்டால் தலையாட்டிச் சமாளிக்கவே வேண்டாம். "டாக்டரைப் பார்த்தது வரைக்கும் கேட்டேன், அப்புறம் கவனம் போயிடுச்சு, அங்கேருந்து சொல்லு" என்று சொல்லுங்கள். கடைசியாகக் கேட்ட இடத்தைக் குறிப்பாகச் சொல்வது முக்கியம். வெறும் "என்ன சொன்ன?" என்றால், எதுவுமே கேட்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். மனம் அலைவதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இப்போது மனம் எங்கே இருக்கிறது?’ என்று மக்களை இடையிடையே கேட்டார்கள். அப்படிக் கேட்ட நேரங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை.

பனிமூட்டம்:

கண்ணைப் பார்க்கிற விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. இடைவிடாம கண்ணையே பார்க்கறதுக்கே ஒரு உழைப்பு வேணும், அது கேட்கறதுக்கான கவனத்தைத் தின்னும். யோசிச்சுப் பேசறவங்க இயல்பாவே பார்வையை விலக்குவாங்க. கனமான விஷயம்னா பக்கத்துல பக்கத்துல நடந்துக்கிட்டோ, துணி மடிச்சுக்கிட்டோ பேசினா இன்னும் நல்லா வரும்.

சின்னக் குழந்தைங்ககிட்ட இது பொருந்தாது. அவங்க கண் மட்டத்துக்குக் குனியணும், முகத்துல பதில் தெரியணும். எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு உளவியலாளர் 1970-கள்ல செஞ்ச சோதனையில, அம்மா சில நிமிஷம் முகத்தை அசைக்காம வச்சிருந்தப்போ, கைக்குழந்தை சிரிச்சு, கை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில முகத்தைத் திருப்பிக்கிச்சு. அம்மா எதிர்லதான் இருந்தாங்க.

பசியோ அசதியோ இருந்தா ஒத்திப்போடுங்க, ஆனா நேரம் சொல்லிட்டு. "அப்புறம் பேசலாம்"னா யாரும் நம்ப மாட்டாங்க. "சாப்பிட்டு எட்டரைக்கு உட்காரலாம்"னு சொல்லி, எட்டரைக்கு நீங்களே போய்க் கூப்பிடுங்க.

தறி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். அவசர அழைப்பு வரக்கூடிய வேலை என்றால் போனை அடுத்த அறையில் வைப்பது எப்படி?

கூழாங்கல்:

‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு, அந்த ஓரிரு எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஒரே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் ஒலிக்கும் வசதியும் இருக்கிறது: ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள். ரிங் சத்தத்தை முழுதாக வைத்தால் அடுத்த அறையிலிருந்து கேட்கும், திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. "ஒரு போன் வரலாம், வந்தா எழுந்து போவேன்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் "எங்க விட்டோம்?" என்று அவரைத் தேட விடாமல், விட்ட இடத்தை நீங்களே எடுத்துக்கொடுங்கள்.