உதவி தேவை: கடையின் இணையதளம் திறக்கவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை

பவானி_தறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பவானியில் ஜமுக்காளமும் போர்வையும் விற்கும் எங்கள் கடைக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. நேற்று மாலை முதல் அதைத் திறந்தால் யாருடையதோ ஒரு விளம்பரப் பக்கம் வருகிறது. கடையின் பெயரிலுள்ள மின்னஞ்சலுக்கும் எதுவும் வருவதில்லை. எங்களிடம் மொத்தமாக வாங்கும் திருமண மண்டபத்தார், தாங்கள் அனுப்பிய மடல் திரும்பி வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் சுலபமாக அமைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்யும் ஒரு மென்பொருளில் செய்த தளம் இது. பணமெல்லாம் கட்டியாகிவிட்டது. தீபாவளி ஆர்டர் வரும் நேரம் என்பதால், தெரிந்தவர்கள் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

கரூர்_கணினி எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் சொன்னதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தளத்தின் முகவரி உங்கள் சொந்த டொமைனா (கடைக்கென்றே பதிவு செய்த இணையப் பெயரா), அல்லது அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இலவச முகவரியா? சொந்த டொமைன் என்றால் அதை எங்கே, யார் பெயரில் பதிவு செய்தீர்கள்? பணம் கட்டியாகிவிட்டது என்கிறீர்களே, அது எதற்குக் கட்டிய பணம்? தளத்தின் பிளானுக்கா, டொமைனுக்கா, மின்னஞ்சலுக்கா? இவை மூன்றும் ஒரே ரசீதில் வந்தாலும் தனித்தனிக் கணக்குகள்.

பாதுகாப்பே_முதல் எழுதியது:

வேறு பக்கம் திறக்கிறது என்றாலே தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் உடனே மாற்றுங்கள். கடைக் கணினியில் வைரஸ் சோதனை ஓட்டுங்கள். அது முடியும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

மூல_நிரலாளர் எழுதியது:

இதே கேள்வி வெவ்வேறு கடைகளின் பெயரில் இங்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. பழகுபவர்களுக்காகச் செய்த கருவியில் வணிகத்தை நடத்தினால் முடிவு இப்படித்தான் இருக்கும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு ஹோஸ்டிங் (சர்வரில் வாடகை இடம்) எடுத்து அதில் நிறுவிக்கொள்ளும் அளவுக்குக்கூடக் கற்றுக்கொள்ளாமல் கடையை இணையத்துக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது. அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

பவானி_தறி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொந்த டொமைன்தான், டாட் காம் முகவரி. பிளான் வாங்கியபோது டொமைனை இலவசமாகக் கொடுத்தார்கள். அது வெளிநாட்டு நிறுவனம். இரண்டு ஆண்டுகளுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டினோம். அதில் ஓர் ஆண்டுதான் முடிந்திருக்கிறது. ஆகவே பாக்கி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் செய்து கொடுத்தது என் அண்ணன் மகன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: என் கைப்பேசியில் பழைய தளம் இன்னும் திறக்கிறது, கடைக் கணினியில்தான் திறப்பதில்லை.

கரூர்_கணினி எழுதியது:

இப்போது வழி தெரிகிறது. கைப்பேசியில் திறப்பதற்குக் காரணம், டொமைன் பெயருக்குரிய தளம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று காட்டும் பழைய டிஎன்எஸ் விவரம் அந்த இணைப்பில் இன்னும் தேங்கியிருப்பதாக இருக்கலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் டொமைன் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே வரும் காலாவதித் தேதி, நிலை, நேம்சர்வர் (டிஎன்எஸ் விவரத்தை வைத்திருக்கும் சர்வர்) ஆகிய மூன்றையும் இங்கே எழுதுங்கள்.

நெல்லை_இணையம் எழுதியது:

டொமைன் பதிவு செய்தவரின் மின்னஞ்சலை உறுதி செய்யவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்தாலோ தொடர்பு விவரத்தை மாற்றினாலோ, 15 நாட்களுக்குள் அந்த மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பதிவு நிறுவனம் டொமைனை நிறுத்திவைக்கும். இது பலருக்குத் தெரியாத விதி. எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படியே நடந்தது.

பவானி_தறி எழுதியது:

பார்த்தேன். காலாவதித் தேதி அடுத்த ஆண்டு என்றுதான் இருக்கிறது, எனவே காலாவதி ஆகவில்லை. நிலை என்ற இடத்தில் ஆட்டோ ரினீவ் பீரியட் என்று இருக்கிறது. நேம்சர்வர் பெயரில் பார்க்கிங் என்ற சொல் வருகிறது. தானாகவே புதுப்பித்துவிட்டார்கள் என்றால் தளம் ஏன் திறக்கவில்லை?

கரூர்_கணினி எழுதியது:

சகோதரி, உங்கள் டொமைன் காலாவதியாகிவிட்டது. இந்தத் தேதி பலரையும் ஏமாற்றும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டாட் காம் டொமைன் ஒன்று காலாவதியாகும் நாளில், யாரும் பணம் கட்டாவிட்டாலும், டாட் காம் பெயர்கள் அனைத்தையும் பதிந்து வைக்கும் தலைமைப் பதிவேடு அதற்குத் தானாகவே ஓராண்டைக் கூட்டிவிடும். அந்த ஓராண்டை வைத்துக்கொள்வதா, ரத்து செய்வதா என்று முடிவெடுக்க உங்கள் பதிவு நிறுவனத்துக்கு 45 நாட்கள் வரை அவகாசம் உண்டு. நீங்கள் பார்த்த நிலையின் பொருள் அதுதான். அந்த அவகாசத்துக்குள் உங்களிடமிருந்து பணம் வராவிட்டால் அவர்கள் ரத்து செய்துவிடலாம். அதன்பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போதும் மீட்கலாம், ஆனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதையும் தவறவிட்டால் 5 நாட்களில் பெயர் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கும் நிலைக்கு வந்துவிடும். சில நிறுவனங்கள் 45 நாட்கள் வரை காத்திருக்காமல் முன்னதாகவே ஏலத்துக்கு விட்டுவிடும் என்பதால், இன்றைக்கே செயல்படுங்கள்.

நேம்சர்வர் பார்க்கிங் என்று, அதாவது காலாவதியான பெயர்களை விளம்பரப் பக்கத்துக்கு அனுப்பும் ஒன்றாக, மாறியிருப்பதால்தான் விளம்பரப் பக்கம் வருகிறது. மடல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு அந்தப் புதிய நேம்சர்வரில் இருக்காது. மண்டபத்தாரின் மடல் திரும்பியது அதனால்தான். தளத்துக்குள் யாரும் புகவில்லை. நெல்லை நண்பர் சொன்ன விதி உண்மையானதுதான். ஆனால் அப்படி நிறுத்திவைத்தால் பெரும்பாலும் கிளையன்ட் ஹோல்டு என்ற நிலை தெரியும், முகவரியும் எங்கும் திறக்காது. இங்கே அப்படி இல்லை.

நீங்கள் கட்டியது தளத்தின் பிளானுக்கு இரண்டு ஆண்டுப் பணம். இலவச டொமைன் என்பது இத்தகைய பிளான்களில் பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். வாங்கும் பக்கத்தில் அது சிறிய எழுத்தில் இருந்திருக்கும்.

பவானி_தறி எழுதியது:

ஆனால் கார்டு விவரம் அவர்களிடம் இருக்கிறதே! தானாக எடுத்துக்கொள்வதாகத்தான் அப்போது சொன்னார்கள். நினைவூட்டல் மடல்கூட வரவில்லை.

ஈரோடு_ஜவுளி எழுதியது:

எங்கள் கடைக்கும் இப்படி நடந்திருக்கிறது அம்மா. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி மாறிவிட்டது. கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் ஓடிபி கொடுத்து வங்கியில் அந்த ஒப்புதலைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மறுபடியும் ஓடிபி கேட்க வேண்டும். அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. இந்த முறையோடு இணையாத வெளிநாட்டு நிறுவனங்கள் டாலரில் பணம் எடுக்க முயன்றால் நம் வங்கி மறுத்துவிடும். அவர்கள் பக்கம் ஆட்டோ ரினீவல் ஆன் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் பணம் போயிருக்காது.

நினைவூட்டல் எந்த முகவரிக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் அண்ணன் மகன் தன் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால், படிப்பு முடிந்ததும் அந்த முகவரி மூடப்பட்டிருக்கும்.

மூல_நிரலாளர் எழுதியது:

நான் சொன்னதைத்தான் இத்தனை பேரும் நீட்டி எழுதியிருக்கிறீர்கள். டொமைன், தளம், மின்னஞ்சல் மூன்றையும் ஒரே கணக்கில் கட்டி வைப்பதுதான் இந்த மென்பொருள்களின் அடிப்படைக் கோளாறு. தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைத்துக்கொள்ள பெரும்பாலானவை விடுவதில்லை. சரக்குப் பட்டியலை மட்டும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகத் தருவார்கள். பக்கங்களின் வடிவமைப்பு, எழுதிய விவரங்கள், படங்களின் வரிசை எல்லாவற்றையும் கையால் மீண்டும் செய்ய வேண்டும். ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வேர்ட்பிரஸில் செய்திருந்தால் டேட்டாபேஸையும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு எந்த ஊர் சர்வருக்கும் போயிருக்கலாம்.

ஈரோடு_ஜவுளி எழுதியது:

ஐயா, உங்கள் அறிவில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காலையில் கடை திறந்து, பாவு ஓட்டக் கொடுத்து, கூலி கணக்குப் பார்த்து, பார்சல் கட்டி அனுப்பும் ஒருவர் வேர்ட்பிரஸை யாரை வைத்துப் பார்த்துக்கொள்வார் என்பதையும் சொல்லுங்கள். பிளகின்களை (அதில் சேர்க்கும் கூடுதல் வசதி நிரல்களை) அப்டேட் செய்யாமல் விட்டால் அதன் ஓட்டை வழியாகத்தான் திருடர்கள் புகுகிறார்கள். அப்டேட் செய்தால் சில சமயம் வண்டியே நின்றுவிடுகிறது. அந்த மென்பொருளால்தான் எங்கள் போன்றவர்கள் இணையத்துக்கே வந்தோம். அதைப் பயன்படுத்தியவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

மூல_நிரலாளர் எழுதியது:

அப்டேட்டைத் தானாக நடக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். பேக்கப் எடுக்கவும் வழியிருக்கிறது. கற்றுக்கொள்ள மறுப்பதற்கு நேரமின்மையைக் காரணம் காட்டக் கூடாது.

தமிழ்_எழுத்துரு எழுதியது:

இரு தரப்பும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் கடை வைத்திருப்பவர்களை அது நேராகப் பாதிக்கிறது. இந்தத் தொடக்கநிலை மென்பொருள்களின் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தலைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடும் அமைப்பு ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும். ஜமுக்காளம் என்று தமிழில் எழுதினால் சொல் துண்டு துண்டாக விலகி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற நல்ல எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக இருந்தும், சில மென்பொருள்களில் அவற்றைச் சேர்க்க மேல்நிலைப் பிளான் வாங்க வேண்டும்.

பக்கத்தின் முகவரியும் அப்படித்தான். சரக்கின் பெயரைத் தமிழில் கொடுத்தால் முகவரியும் தமிழிலேயே அமைந்துவிடுகிறது. அதை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழ நீளத்துக்கு வந்து நிற்கும். வாங்க வருபவர் அதைப் பார்த்து ஏதோ மோசடி இணைப்பென்று எண்ணி விட்டுவிடுகிறார். பக்கத்தை வெளியிடும் முன்பே முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திசைதிருப்பலும் போட வேண்டும். அந்த வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கரூர்_கணினி எழுதியது:

எழுத்துருவைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. ஆனால் சகோதரியின் டொமைன் முதலில் கைக்கு வர வேண்டும். வேர்ட்பிரஸ் விவாதத்தைப் பொறுத்தவரை, வேர்ட்பிரஸ் தளமாக இருந்தாலும் டொமைன் அண்ணன் மகனின் மூடிய மின்னஞ்சலில் இருந்திருந்தால் இதே நிலைதான் ஏற்பட்டிருக்கும். மென்பொருள் எதுவானாலும் டொமைனைத் தனியாக ஒரு பதிவு நிறுவனத்தில், கடை உரிமையாளரின் பெயரில், அந்த டொமைனைச் சாராத ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். கடையின் மின்னஞ்சலையே கொடுத்தால், டொமைன் நின்றவுடன் மீட்பு மடலும் வந்து சேராது.

சகோதரி செய்ய வேண்டியது இது. அண்ணன் மகனின் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ அந்தக் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருந்தால், வெளியேறாமல் அப்படியே உள்ளே போய் மின்னஞ்சல் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல் ரசீது, கார்டின் கடைசி நான்கு எண்கள், உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழ் ஆகியவற்றோடு அவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அரட்டைப் பெட்டியில் இயந்திரம்தான் பதில் சொல்லும். கணக்கு மீட்புக்கென்று தனிப் படிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே போனதும் ஆட்டோ ரினீவலை நம்பாமல் கைமுறையாகப் பணம் கட்டுங்கள். அப்போது வழக்கம்போல் ஓடிபி வரும்.

நெல்லை_இணையம் எழுதியது:

மின்னஞ்சல் உறுதி செய்யும் இணைப்பையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். முகவரியை மாற்றும்போது அந்த விதி மீண்டும் வரும்.

கரூர்_கணினி எழுதியது:

ஆம், அது சரியே. முகவரியை மாற்றியதும் வரும் உறுதி மடலை விட்டுவிடாதீர்கள்.

பவானி_தறி எழுதியது:

டொமைன் கிடைத்துவிட்டது. அண்ணன் மகனின் பழைய மடிக்கணினியில் கணக்கு திறந்தே இருந்தது. பணம் கட்டி, உறுதி மடலையும் அழுத்தியாகிவிட்டது. மடல் வரத் தொடங்கியிருக்கிறது. தளம் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இன்னும் இல்லை. அனைவருக்கும் நன்றி. டொமைனை வேறு நிறுவனத்துக்கு இன்றே மாற்றிவிடலாமா?

கரூர்_கணினி எழுதியது:

மகிழ்ச்சி. மற்றவர்களுக்கும் ஓரிரு நாட்களில் திறக்கும். இன்றே மாற்ற வேண்டாம். பதிவு விவரத்தை மாற்றியதால் 60 நாட்களுக்கு இடமாற்றப் பூட்டு விழுந்திருக்க வாய்ப்புண்டு. தீபாவளி வியாபாரம் முடியட்டும். பூட்டு விலகியதும் ஆத் கோடு (இடமாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) கேளுங்கள். ஐகான் விதிப்படி 5 நாட்களுக்குள் அவர்கள் அதைத் தந்தாக வேண்டும். மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள டிஎன்எஸ் பக்கம் முழுவதையும், குறிப்பாக எம்எக்ஸ் பதிவையும், மடல் உண்மையானதென்று சரிபார்க்க உதவும் டிஎக்ஸ்டி பதிவுகளையும், படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அவற்றை அப்படியே எழுதிய பிறகுதான் நேம்சர்வரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தளம் திறந்தாலும் மண்டபத்தாரின் மடல் மறுபடியும் திரும்பிவிடும்.