கம்யூனிட்டி காலேஜில் வகுப்புக்கு வெளியே உங்களுக்கு நடந்தது என்ன?

எச்4 பறவை:

கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருந்து, கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருஷப் பொதுக் கல்லூரியில் சேர்ந்தவள் நான். அந்த ஒரு நாள் எதற்கு என்று கேட்காதீர்கள், சட்டம் அப்படி. அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர் கட்டணம். செமஸ்டர் முறைக் கல்லூரி என்றால் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு அது) 46 டாலர். முன்னாலேயே சேர்ந்தால் அதே யூனிட்டுக்குப் பல மடங்கு. வேலை விசாக்காரரின் குடும்பமாக எச்4 விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எஃப்1 மாணவர் விசாவில் வருகிற பிள்ளைகளுக்கு இது கிடையாது, பாவம்.

சேர்ந்தது பானை வனையும் வகுப்பு. "எம்.எஸ்சி. படிச்சுட்டு மண்ணு பிசையப் போறியா" என்று மாமியார் போனில் சிரித்தார். சரி, பானையை விடுங்கள். மூன்று மாதத்தில் நான் செய்தது கோணல்மாணலாக ஒரே ஒரு அகல். நான் சொல்ல வந்தது கோலத்தைப் பற்றி.

ஜனவரியில் கல்லூரி வளாகத்தில் கலாச்சார நாள் ஒன்று வைப்பதாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மாணவர் அலுவலகத்துக்குப் போய், கோலம் போடலாமா என்று கேட்டேன். மேசை வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மாணவர் சங்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். அப்போது பின்னால் வரிசையில் நின்ற ஒரு வியட்நாமியப் பெண், "எங்கள் மேசையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். என் மகளாக இருக்கலாம், அந்த வயசு. அவர்கள் தெட் புத்தாண்டுக்காக மேசை வாங்கியிருந்தார்கள். நம் தையும் அவர்களுடைய தெட்டும் சில வருஷங்களில் அடுத்தடுத்து வரும்.

அடுத்த சிக்கல் மாவு. அரிசி மாவில் போடுவேன் என்றதும் கட்டடப் பராமரிப்புக்காரர் தலையாட்டினார். எறும்பு வரும் என்றார். எறும்பு வரத்தானே மாவில் போடுகிறோம்! இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சுற்றி வளைத்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அருமையான வழக்கம், ஆனால் சாக்பீஸ்" என்று முடித்துவிட்டார்.

குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். புள்ளியை எண்ணுவதில் என்னைவிடச் சுத்தம். என் கை சாக்பீஸுக்குப் பழகவே இல்லை, கோடு கோடாகத் தேய்ந்தது. நடுவில் அவள் அம்மா செய்து அனுப்பிய பான் சுங் ஒரு துண்டு கொடுத்தாள். இறைச்சி வைக்காததை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஒட்டரிசி, நடுவில் பாசிப்பருப்பு, இலையில் சதுரமாகக் கட்டி வேகவைத்தது. மிளகும் நெய்யும்தான் இல்லை, மற்றபடி நம் வெண்பொங்கல். அதைச் சொன்னதும் அவள் வெண்பொங்கலைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இது ஏன் குழைந்து கிடக்கிறது?" என்றாள். ரோஷம் வந்துவிட்டது எனக்கு.

மதியம் வகுப்பு மாறும் நேரம். நூற்றுக்கணக்கான பேர் அந்த வழியாகப் போனார்கள். ஸ்கேட்போர்டில் வேகமாக வந்த ஒரு பையன் கோலத்தைப் பார்த்ததும் இறங்கி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள். எந்த வகுப்பு எடுக்கலாம், எந்த வாத்தியார் மார்க் போடுவார் என்பதெல்லாம் வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

டேவிஸ் அம்மா:

கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்காக வைக்கும் டிரான்ஸ்ஃபர் நாளுக்குப் பையனோடு போன கதை எனது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் கம்யூனிட்டி காலேஜ் என்பதை ஒன்றரை வருஷம் யாரிடமும் நான் சொல்லவில்லை. பொங்கல் விழாவில் "பையன் எங்க படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "இங்கதான், பக்கத்துல" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைப் பார்க்கப் போய்விடுவேன். கேட்டவர்களும் அதற்கு மேல் நோண்ட மாட்டார்கள். அதுதான் இன்னும் குத்தும்.

டிரான்ஸ்ஃபர் நாளில் பல்கலைக்கழகங்கள் வரிசையாக மேசை போட்டிருந்தன. அங்கேதான் டேக் என்பதை முழுசாகப் புரிந்துகொண்டேன். கேட்ட பாடங்களை முடித்து, கேட்ட மார்க்கும் வைத்திருந்தால் யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் இடம் நிச்சயம் என்று எழுத்தில் தருகிறார்கள். ஆறு வளாகங்கள் இதில் இருக்கின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இல்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் டேக் போடலாம், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். நாங்கள் போனது அக்டோபர்! எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "போட்டாச்சும்மா, போன மாசமே" என்றான். என்னிடம் சொல்லவில்லை. ஆலோசகரைப் பார்க்க அவன் மூன்று வாரம் காத்திருந்ததும், அசிஸ்ட் தளத்தில் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுபடியாகும் என்று தானே உட்கார்ந்து சரிபார்த்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் என்னவோ வீட்டில் அவன் விளையாடிக்கொண்டிருப்பதாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. பள்ளி முடித்து முதல் தடவையாகக் கல்லூரி சேர்ந்து முழுநேரம் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருஷ யூனிட் கட்டணத்தையே பல கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கின்றன. இதில் வெட்கப்பட என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, அதுதான் உண்மை.

மன்னார்குடி தாத்தா:

நான் மாணவன் அல்ல, விசிட்டர் விசா. வகுப்பில் சேர எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் தொலைநோக்கியில் கண்ணை வைக்க விசா தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு வான்நோக்கு நிலையம். உள்ளூர் வானியல் சங்கத்துக்காரர்கள், வானம் தெளிவாக இருக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 2025 நவம்பரில் பேரன் என்னை அழைத்துக்கொண்டு போனான். குளிர் என்றால் குளிர், மருமகளுடைய சால்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

என் முறை வந்தது. சனி கிரகம் என்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றியவன் நான், அவரை நேரில் பார்க்கப் போகிறேன் என்றால் சும்மாவா? செருப்பைக் கழற்றப் போனேன், பேரன் தடுத்துவிட்டான். உள்ளே ஒரு சின்ன உருண்டை, அதன் நடுவில் ஊசி குத்தி நின்றதுபோல ஒரு கோடு. படத்தில் பார்க்கிற வளையத்தைக் காணோம். "வளையம் எங்கே?" என்று கேட்டேன். தொலைநோக்கியைக் காட்டிக்கொண்டிருந்த தன்னார்வலர் எண்பது வயசுக்காரர், என்னைவிட மூத்தவர். வளையம் இப்போது நமக்கு நேராக விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, சுமார் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும், அதனால்தான் கோடாகத் தெரிகிறது என்றார்.

பதினைந்து என்றதும் எனக்குக் கணக்கு ஓடியது. சனி ஒரு ராசியில் இரண்டரை வருஷம், பன்னிரண்டு ராசிக்கு முப்பது, அதில் பாதி பதினைந்து. பேரனை விட்டு அவரிடம் சொல்லச் சொன்னேன். சனி சூரியனை ஒரு சுற்று வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் என்று சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் தொலைநோக்கி இல்லாமலே இதை எப்போதிருந்து எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஊர்ப் பெருமை பேசுகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

வரும் வழியில் பேரன், "தாத்தா, இனிமே எள் விளக்கு ஏத்துவீங்களா?" என்றான். ஏற்றுவேன் என்றேன். ஏன் என்று கேட்டான். உன் பாட்டிக்காக என்றேன்.

எச்4 பறவை:

தாத்தா, செருப்பைக் கழற்றியிருந்தாலும் அங்கே யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வெள்ளி நாங்களும் போகிறோம்.

கணக்குப்பிள்ளை:

கணக்கியல் படிக்கும்போது வீட்டா முகாமில் தன்னார்வலராக உட்கார்ந்தேன். குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிப் படிவம் இலவசமாக நிரப்பித் தருவது. அமெரிக்க வருமான வரித்துறை வைக்கும் தேர்வில் தேறிய பிறகுதான் மேசையில் உட்கார விடுவார்கள். நாம் நிரப்பியதை இன்னொருவர் முழுசாகச் சரிபார்ப்பார். பிப்ரவரி முதல் ஏப்ரல் 15 வரை சனிக்கிழமை முழுக்க அங்கேதான்.

ஒரு நாள் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்தேன், என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். "நீங்க தமிழா? வேற யாராவது இருந்தா அவங்க கிட்ட பண்ணிக்கறேன்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் புரிந்தது. வருஷத்தின் பாதியில் வேலை போய்விட்டது, இலவச முகாமுக்கு வந்திருக்கிறார், எதிரே ஊர்க்காரி. இங்கே பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றேன். அரை மனசாக உட்கார்ந்தார். (இப்போது எழுதுவதில் அடையாளம் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.)

எல்லாம் சுலபமாகப் போனது, வெளிநாட்டு வங்கிக் கணக்கு உண்டா என்ற கேள்வி வரும்வரை. ஊரில் என்ஆர்இ வைப்பு, அதாவது வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் அங்கே வங்கியில் போடுகிற வைப்பு, இருக்கிறது என்றார். அதற்குத்தான் வரி இல்லையே என்றார். இந்தியாவில் இல்லை, ஆனால் இங்கே வரிக்குக் குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால் அந்த வட்டியும் இங்கே வருமானம்தான். வெளிநாட்டுக் கணக்குகளில் இருக்கிற மொத்தப் பணம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனியாக அறிக்கையும் கொடுக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை வருஷமாகக் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து, தொகை இவ்வளவு இருந்தால் நம் முகாமில் செய்ய முடியாது, காசு கொடுத்து ஒரு கணக்காளரைப் பாருங்கள் என்றார்.

இலவசமாக முடியும் என்று நம்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினோம். ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "என் தங்கச்சி புருஷனும் இப்படித்தான் வெச்சிருக்கான், அவன்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார். அந்தப் பருவத்தில் என்னால் உருப்படியாக நடந்தது அதுவாகத்தான் இருக்கும். உங்களில் யாருக்காவது ஊரில் வைப்புத்தொகை இருந்தால் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடு பெஞ்ச்:

எல்லாரும் நல்ல கதை சொல்கிறீர்கள். எனது சாப்பாட்டுக் கதை. இங்கே கம்யூனிட்டி காலேஜ் ஒவ்வொன்றிலும் மாணவர்களுடைய அடிப்படைத் தேவைகளுக்கு ஒரு மையம் இருக்க வேண்டும் என்று 2022-இலிருந்து சட்டமே இருக்கிறது. எங்கள் கல்லூரியில் அது ஒரு சின்ன அறை, அலமாரி நிறைய இலவச உணவு டப்பாக்கள். வாடகை கொடுத்த வாரம் என்றால் அங்கேதான் எனக்கு மளிகை. முதல் நாள் பையை மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். உள்ளே போனால் என் வகுப்பில் பாதிப் பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் எனக்குப் பை பிடித்துக்கொண்டான்.

துவரம்பருப்பு கிடைக்காது. பின்டோ பீன்ஸ் டப்பா மட்டும் எப்போதும் மிஞ்சும், யாரும் தொட மாட்டார்கள். அதைக் கழுவி, கடுகு, மிளகாய் தாளித்து, தேங்காய் இருந்தால் தூவி, சுண்டல். ஒரு தடவை அந்த மைய அறைக்கே எடுத்துப் போய்க் கொடுத்தேன். அங்கே வேலை செய்கிற அம்மா இப்போது என்னைப் பார்த்தாலே இரண்டு டப்பா தனியாக எடுத்து வைக்கிறார். எனக்கு அது அலுத்துவிட்டது, சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

டேவிஸ் அம்மா:

நடு பெஞ்ச் தம்பி, எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? வீட்டில் துவரம்பருப்பு நாலு கிலோ கிடக்கிறது. தனிச்செய்தி அனுப்புங்கள், கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

பறவை, அது எத்தனை புள்ளிக் கோலம்?

எச்4 பறவை:

பதினைந்திலிருந்து எட்டு வரை, இடுக்குப் புள்ளி. ஒரு ஓரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது. அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள்.