பழைய கார்ல பெரிய இன்ஜின்: வெளிநாடு வந்திருக்கிற நம்ம ஊர்ப் பசங்களுக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து புதுசா வெளிநாடு வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுறேன். வாடகை வீடு, பேங்க் கணக்கு, லைசென்ஸ் மாத்துறது பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. இது பழைய கார்னா உயிரை விடுறவங்களுக்கு. ஓசூர் கம்பெனிகள்ல வேலை பார்த்துட்டு வந்தவங்ககிட்ட இந்த ஆசை அதிகம். முதல் வருஷச் சம்பளம் கையில நின்னதும் தோணுறதே இதுதான்: ஒரு பழைய வண்டி வாங்கணும், அதை நல்லா ஓட வைக்கணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

எங்க அப்பாவுக்கு ராயக்கோட்டை ரோட்டுல பட்டறை. நான் சின்னப் பையனா இருந்தப்பவே அங்க அம்பாசிடர் இன்ஜினை இறக்கி வேற இன்ஜின் மாட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. மெட்டாடர் டீசல், இசுசு டீசல், எது கிடைச்சாலும் உட்கார வச்சிடுவாங்க. யாரும் வேகத்துக்காகப் பண்ணலை. பெட்ரோல் விலை கட்டுபடியாகலை, தொப்பூர் கணவாய்ல ஆளோட ஏறணும், அவ்வளவுதான். வேகத்துக்காக ஃபியட்டையும் அம்பாசிடரையும் முறுக்கேத்தினதெல்லாம் சோழவரம் பந்தயம் பார்த்துட்டு வந்தவங்க வாயால கேட்ட கதை.

அதனால இங்கிலாந்துல கோவென்ட்ரிக்கு வந்த புதுசுல தெருவுல பார்த்தது எனக்கு அதிசயமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில எஸ்கார்ட், மினி, எம்.ஜி.பி.னு பழைய கார்கள் வரிசையா போகும். பாதி வண்டியோட சத்தமே கம்பெனியிலிருந்து வந்த சத்தமா இருக்காது. ஒரு பெரியவர் தன்னோட எம்.ஜி.பி. பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ள பார்த்ததும் எனக்கு அப்பா பட்டறை ஞாபகம் வந்துடுச்சு. நம்ம அம்பாசிடர்ல இருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யோட 1798 சி.சி. இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) செஞ்ச ஒரே குடும்பம். நமக்கு ஒரு எஸ்.யு. கார்புரேட்டர், அவங்களுக்கு ரெண்டு. டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கு விடுற இடைவெளி, எப்படி வைக்கணும்னு நான் சொன்னதும் அவர் அசந்துட்டார். இங்கிலாந்துல இருக்கிற தம்பிகளுக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்வேன்: ஊர்ல அம்பாசிடர் தொட்ட கை உங்களுக்கு இருந்தா, அது அங்க செல்லும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஒரு ஊர்ல இப்படி முறுக்கேத்தின பழைய வண்டி நிறையத் தெரியுதுன்னா, அந்த ஊர்க்காரங்களுக்கு ஆசை அதிகம்னு அர்த்தமில்லை. அங்க சட்டம் இடம் கொடுக்குது, இன்ஷூரன்ஸ் கிடைக்குது, பார்ட்ஸ் மலிவு. அதைப் பார்த்துட்டுத்தான் வண்டி பார்க்கணும். பலர் தலைகீழாப் பண்ணி மாட்டிக்கிறாங்க.

இங்கிலாந்துல 40 வருஷம் தாண்டின காருக்கு ரோடு டாக்ஸ் இல்லை. 2018 மே மாசத்திலிருந்து எம்.ஓ.டி.ங்கிற வருஷாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனா கடைசி 30 வருஷத்துக்குள்ள வண்டியோட அடிப்படையை மாத்தியிருந்தா எம்.ஓ.டி. சலுகை போயிடும். அதே குடும்பத்து இன்ஜின்ல சி.சி. கூடுதலா மாட்டினா பிரச்சினை இல்லை, சம்பந்தமே இல்லாத இன்ஜின் மாட்டினா சிக்கல். சோதனை கட்டாயமில்லைன்னாலும் நான் வருஷா வருஷம் கொண்டுபோய்க் காட்டிடுவேன். நீங்களும் காட்டுங்க, பிரேக் விஷயம். இன்ஷூரன்ஸ்ல போல்ட் மாத்தினாக்கூடச் சொல்லிடுங்க. சொல்லாம விட்டா, விபத்து நடந்த அன்னைக்குத்தான் அதோட விலை தெரியும்.

அப்புறம் ஜெர்மனிக்கு மாறினேன், ஸ்டுட்கார்ட் பக்கம். இங்கதான் நான் சூடு பட்டேன். இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஒண்ணு, 1.8 லிட்டர் 16 வால்வ். வித்தவர் எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் எல்லாம் மாத்தி வச்சிருந்தார். ஓட்டிப் பார்த்தேன், மயங்கிட்டேன், காகிதத்தை ஒழுங்காப் படிக்கலை. சோதனைக்குப் போனா, மாத்தின எதுவும் வண்டிக் காகிதத்துல ஏறலை. ஜெர்மனியில முக்கியமான மாற்றம் எதுவா இருந்தாலும் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் கொடுத்து காகிதத்துல பதியணும். பதியலைன்னா ரோட்டுல ஓட்டுற அனுமதியே செல்லாமப் போகலாம். கழட்டி, பழைய பார்ட்ஸ் தேடி மாட்டி எடுக்கறதுக்குள்ள ரெண்டு மாசச் சம்பளம் போச்சு.

30 வருஷம் தாண்டின காருக்கு இங்க எச் நம்பர் பிளேட் தருவாங்க. 1997லிருந்து இருக்கு. காருக்கு வருஷ வரி ஒரே தொகை, 191 யூரோ சொச்சம். சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளயும் போகலாம். ஆனா வண்டி அது வந்த காலத்து வண்டியா இருக்கணும். அன்னைக்கே வழக்கத்துல இருந்த சக்கரம், கார்புரேட்டர்னா ஒத்துக்குவாங்க. நேத்து வந்த இன்ஜினை மாட்டிட்டு எச் கேட்டா கிடைக்காது. அதனாலதான் இங்க முறுக்கேத்தின பழைய வண்டிகூட அந்தக் காலத்து முறையிலேயே முறுக்கேத்தியிருக்கும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இதெல்லாம் மிக சாதாரணமாத் தெரியுற இடம் அமெரிக்கா. 1932ல ஃபோர்டு விலை குறைஞ்ச கார்லயே வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் வச்சது. தெற்கு கலிஃபோர்னியாப் பசங்க அதை வாங்கி, மட்கார்டைக் கழட்டி, காய்ஞ்ச ஏரிப் படுகைகள்ல பந்தயம் விட்டாங்க. 1937லயே அதுக்குச் சங்கம் வந்துடுச்சு. 1955ல ஷெவர்லே சின்ன வி8 வந்தது, லட்சக்கணக்குல செஞ்சாங்க, பார்ட்ஸ் மலிவாச்சு. இப்போ அந்த இடத்துல 1997ல வந்த எல்.எஸ்.ங்கிற ஷெவர்லே வி8 இன்ஜின். எந்தப் பழைய வண்டியிலும் அதை மாட்டுறாங்க. ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் இருந்தா உட்வர்ட் அவென்யூவுக்குக் குடும்பத்தோட போங்க. 1995லிருந்து பழைய வண்டிகளோட ஊர்வலம் நடக்குது, நம்ம ஊர்த் தேர்க் கூட்டம் மாதிரி.

ஆனா மாநிலத்துக்கு மாநிலம் வேற கதை. மிச்சிகன்ல வருஷாந்தரச் சோதனையே கிடையாது. கலிஃபோர்னியாவுல 1975க்கும் அதுக்கு முன்னாலயும் வந்த பெட்ரோல் கார்னா புகைச் சோதனை இல்லை. 1976லிருந்து வந்ததுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் உண்டு. ஒரே மாதிரி தெரியுற ரெண்டு பழைய டாட்சன் கார்ல ஒண்ணை முறுக்கேத்தலாம், இன்னொண்ணைத் தொட்டாலே அவஸ்தை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியாவுல இருக்கிறவங்க வருஷத்தைப் பார்த்து வாங்குங்க.

வளைகுடாவுல நீங்க பார்க்கப்போறது வேற வகை. அங்க மணல் மேடு ஏறுறதுதான் பந்தயம். அதனால நிசான் பேட்ரோல், டொயோட்டா லேண்ட் குரூஸர் மாதிரி பெரிய ஜீப் வகை வண்டிகள். பேட்ரோலோட 4.8 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின்ல டர்போ மாட்டி மிரட்டுவாங்க. அதைப் பார்த்து நம்ம பசங்க ஆசைப்படாதீங்க. எமிரேட்ஸ்ல அனுமதியில்லாம இன்ஜினைத் தொட்டா அபராதத்தோட வண்டியையும் பிடிச்சு வச்சிடுவாங்க. வேலை விசாவுல இருக்கிறவங்களுக்கு அது வேண்டாத தலைவலி.

ஆஸ்திரேலியாவுல ஹோல்டன், ஃபோர்டு ஃபால்கன் வி8 கார் மோகம் பெருசு, கான்பெராவுல 1988லிருந்து சம்மர்நாட்ஸ்னு கார் திருவிழாவே நடக்குது. பெரிய மாற்றத்துக்கு இன்ஜினியர் சான்றிதழ் வேணும். விக்டோரியாவுல 25 வருஷம் தாண்டின வண்டிக்கு கார் கிளப் மூலமா கிளப் பெர்மிட் எடுத்து வருஷத்துக்கு 45 இல்லன்னா 90 நாள் ஓட்டலாம், செலவு கம்மி. சிங்கப்பூர்ல இருக்கிறவங்க பார்த்து ரசிச்சுக்கோங்க. அங்க 35 வருஷம் தாண்டின கிளாசிக் வண்டியையே வருஷத்துல 45 நாள்தான் எடுக்க விடுவாங்க.

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: தாத்தாவோட 1970 அம்பாசிடர் ஊர்ல நிக்குது, டீசல் இன்ஜின் மாட்டினது, அதை விண்டேஜா பதிய முடியுமான்னு. தம்பி, 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. எழுத்து போட்ட நம்பர் தர்றாங்க, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்க வண்டி இப்ப இருக்கிற நிலையில தேறாது. ஆனா அந்தக் காலத்துல இறக்கின பெட்ரோல் இன்ஜினை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க, மாட்டுக் கொட்டகை மூலையிலயோ பரண் மேலயோ சாக்கு போட்டு மூடித்தான் வச்சிருப்பாங்க. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துடப் போறாங்க, இன்னைக்கே அம்மாவுக்கு போன் போடுங்க. ஆர்.சி. புக்ல இருக்கிற இன்ஜின் நம்பரும் அந்தப் பெட்ரோல் இன்ஜின்ல அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.